கறுப்பு மிட்டாயும் காகிதக் கொத்தமல்லியும்

சாய்சதுர வடிவம், கட்டைவிரல் நகத்தின் அளவு, கரி நிறம். வாயில் போட்டதும் முதலில் தெரிவது உப்பு. அதுவும் சமையல் உப்பு இல்லை. மூக்கின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணில் நீர் முட்டவைக்கும் காட்டமான உப்பு. நாக்கு சுருண்டுகொள்கிறது. துப்பிவிடலாமா என்று நினைக்கும் நேரத்தில் அடியிலிருந்து மெல்ல ஓர் இனிப்பு எழுந்து வருகிறது. வந்த இனிப்பு எளிதில் போவதில்லை. மிட்டாய் கரைந்து முடிந்த பிறகும் நெடுநேரம் தொண்டையில் தங்கியிருக்கிறது. ஃபின்லாந்து மக்கள் உயிராக நேசிக்கும் சால்மியாக்கி இதுதான். அங்கே குழந்தைகள் இதைக் கை நிறைய அள்ளித் தின்கிறார்கள்.

உலகின் விசித்திர மிட்டாய்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் சால்மியாக்கிக்கு அதில் இடம் உண்டு. அந்தப் பட்டியல்களோடு எனக்கு நீண்ட நாள் வழக்கு ஒன்று இருக்கிறது. சுவையைக் காட்டி முகம் சுளிக்கவைப்பதோடு அவை நின்றுவிடுகின்றன. இப்படி ஒரு சுவை மிட்டாய்க்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், விடை பெரும்பாலும் பழைய மருந்துக்கடையில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் அந்த மிட்டாயின் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது.

சால்மியாக்கியின் காட்டத்துக்குக் காரணம் அம்மோனியம் குளோரைடு. தமிழில் அதற்கு நவச்சாரம் என்று பெயர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதற்கும் மின்கலங்கள் செய்வதற்கும் பயன்பட்ட அதே பொருள். லத்தீனில் அதை ‘சால் அம்மோனியாக்கும்’, அதாவது அம்மோனின் உப்பு என்றார்கள். பாலைவனச் சோலை ஒன்றில் கோயில் கொண்டிருந்த எகிப்தியத் தெய்வம் அம்மோன். அந்தப் பெயர் சுருங்கிச் சுருங்கி வடக்கே போய்ச் ‘சால்மியாக்’ ஆனது. அம்மோனியா வாயுவுக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது. நவச்சாரம் சளியை இளக்கும் என்பதால் வட ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அதை அதிமதுரச் சாற்றோடு கலந்து இருமலுக்குக் கொடுத்தார்கள். இருமல் போன பிறகும் மக்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். மருந்து மிட்டாயானது இப்படித்தான்.

நாக்கு இந்த உப்பை எப்படி அறிகிறது என்பது அண்மைக் காலம் வரை தெளிவாக இல்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எமிலி லீமனின் ஆய்வுக்குழு, புளிப்பை உணரும் செல்களில் ‘ஓட்டோப்1’ என்ற புரதம் இருப்பதை ஏற்கெனவே கண்டறிந்திருந்தது. செல்லுக்குள் அமிலத்தன்மையைக் கடத்திவிடும் வாய்க்கால் அது. 2023இல் அதே குழு, நவச்சாரமும் இந்த வாய்க்காலையே இயக்குகிறது என்று காட்டியது. அம்மோனியா செல்லுக்குள் நுழைந்து உள்ளிருக்கும் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அந்தக் குறையை நிரப்ப வெளியிலிருந்து அமில அயனிகள் வாய்க்கால் வழியே பாய்கின்றன. நரம்புக்குச் செய்தி போகிறது. சாதாரணச் சுண்டெலிகள் நவச்சாரம் கலந்த தண்ணீரை ஒதுக்கிவிட்டன. இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகள் தயங்காமல் குடித்தன. அம்மோனியா உடலுக்கு நஞ்சு என்பதால் அதைக் கண்டு விலகவே உயிரினங்கள் இந்த உணர்வைப் பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் ஃபின்லாந்துக் குழந்தை, விலகு என்று உடல் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றை எடுத்து வாயில் போடுகிறது. பழக்கத்தின் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எழுந்து வரும் அந்த இனிப்பு அதிமதுர வேரினுடையது. அதிலுள்ள கிளிசிரைசின் சர்க்கரையைப் போல் முப்பது முதல் ஐம்பது மடங்கு இனிப்பானது. தாமதமாக வரும், தாமதமாகத்தான் போகும். இந்த வேரைக் கண்ட இடத்திலெல்லாம் மனிதர்கள் ஒரே மாதிரிதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் அதிமதுரம். சமஸ்கிருதத்தில் யஷ்டிமது, இனிக்கும் குச்சி. சீனத்தில் கான்சாவ், இனிப்புப் புல். கிரேக்கத்தில் கிளிகிரீசா, இனிப்பு வேர். அந்தக் கிரேக்கச் சொல்தான் உருமாறி ஆங்கிலத்தில் லிகரிஸ் ஆனது, ஜெர்மானியர்களுக்கு லாக்ரிட்ஸே. ஆனால் இனிப்பு என்று பெயர் பெற்றதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. அளவு மீறினால் உடலின் பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். நாற்பது வயதைத் தாண்டியவர் நாள்தோறும் இரண்டு அவுன்ஸ் கறுப்பு லிகரிஸை இரண்டு வாரம் தொடர்ந்து தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. மருந்துக்கடையை விட்டு வந்தாலும் வேர் தன் மருந்துக் குணத்தை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

ஐரோப்பாவில் சர்க்கரைக்கே முதல் வீடு மருந்துக்கடைதான். ஒரு மனிதருக்குத் தேவையான ஒன்று இல்லாமல் போனால், சர்க்கரை இல்லாத மருந்துக்கடைக்காரர் போல என்று பிரெஞ்சில் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், சர்க்கரை பூசிய வாசனைப் பொருள்களைத் தின்பது நோன்பை முறிக்காது என்று தீர்ப்புச் சொன்னார். பசிக்காக அல்ல, செரிமானத்துக்காகத் தின்பது என்பது அவர் சொன்ன காரணம். இங்கிலாந்தின் பாண்டிஃபிராக்டில் 1760இல் அதிமதுர வில்லையில் சர்க்கரை சேர்த்தவராகச் சொல்லப்படும் ஜார்ஜ் டன்ஹில் ஒரு மருந்துக்கடைக்காரர். துலூஸ் நகரில் 1880இல் மூச்சு மணக்கக் கறுப்புத் துணுக்குகளைச் செய்து சின்ன வட்ட டப்பியில் அடைத்து விற்ற லாஜோனியும் அப்படித்தான். அவருடைய சரக்கின் பெயர் கஷூ. காசுக்கட்டியைக் குறிக்கும் தென்னிந்தியச் சொல், போர்த்துக்கீசியர் காதில் விழுந்து, பிரெஞ்சு வாய்க்குப் போய் அப்படி ஆகியிருக்கிறது.

ஃபின்லாந்துக்கே திரும்பினால் இன்னொரு மிட்டாயும் இருக்கிறது. அதன் சுவை தார். பைன் மரத்தை மண் மூடிய குழியில் மெல்லக் கருக்கி வடிக்கும் தார். ஒரு காலத்தில் மரக்கப்பல்களுக்குப் பூச ஐரோப்பா அதைப் பெருமளவு ஃபின்லாந்திடமிருந்து வாங்கியது. சவுனா என்ற நீராவிக் குளியலும் சாராயமும் தாரும் தீர்க்காத நோய் சாவுக்கான நோய் என்பது அந்த நாட்டுப் பழமொழி. குளியலறை, காயம், படகு என்று எல்லா இடத்திலும் அந்த மணத்தோடு வளர்ந்தவருக்குத் தார் மிட்டாய் புகை மணக்கும் குளிர்காலம். மற்றவர்களுக்குச் சாலை போடும் இடம்.

ஒரு சுவையை விசித்திரம் என்று சொல்லும்போது நாம் சொல்வது அந்தச் சுவையைப் பற்றி அல்ல. அதை நாம் முதலில் எங்கே சந்தித்தோம் என்பதைப் பற்றி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும். அது என்ன பழம் என்று தெரியாது. விரலை எடுத்ததும் தொண்டையின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறி, ஆரஞ்சு என்றோ அன்னாசி என்றோ பெயர் சொல்லும். நாக்கு சொல்வது கொஞ்சம்தான். மீதியை மணம் சொல்கிறது. மணமோ தனியாக வருவதில்லை, முன்பு முகர்ந்த இடத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் இதற்கு நல்ல உதாரணம். அதன் மணத்துக்கு உரிய மெத்தில் சாலிசிலேட், அமெரிக்காவில் புதினா வகை மிட்டாயிலும் சூயிங்கத்திலும் ரூட் பியர் பானத்திலும் இருக்கிறது. மற்ற நாடுகளில் அதே பொருள் சுளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தில் இருக்கிறது. ஒருவர் குழந்தைப் பருவத்தை நினைத்துச் சப்பும் மிட்டாயை, இன்னொருவர் முழங்கால் வலியை நினைத்துத் துப்புகிறார். (இந்த மிட்டாயிடம் ஒரு மாயம் உண்டு. இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, இடுக்கியால் நொறுக்கினால் நீல ஒளி தெறிக்கும். சர்க்கரைப் படிகம் உடையும்போது பிறக்கும் புற ஊதாக் கதிரை மெத்தில் சாலிசிலேட் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. கெட்டிச் சர்க்கரையை இருட்டில் சுரண்டினால் மினுங்கும் என்பதை 1620லேயே பிரான்சிஸ் பேகன் குறித்து வைத்திருக்கிறார்.)

ஊதா நிற மிட்டாய் என்ன சுவையாக இருக்க வேண்டும்? அமெரிக்கர் திராட்சை என்பார். பிரிட்டனைச் சேர்ந்தவர் பிளாக்கரன்ட் என்பார், கரன்ட் செடியில் காய்க்கும் கறுப்புச் சிறுபழம் அது. இருவரையும் பிரித்தது ஒரு பூஞ்சை. பைன் மரங்களைக் கொல்லும் ஒருவகைத் துரு நோய், தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கரன்ட் செடிகளில் கழித்துவிட்டுத்தான் மரத்துக்குத் தாவும். மரத் தொழிலைக் காப்பாற்ற அமெரிக்கா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரன்ட் செடிகளைத் தடைசெய்தது, இருந்தவற்றைப் பிடுங்கியும் எறிந்தது. 1966இல் நாடு தழுவிய தடை விலகியபோது அந்தப் பழத்தை அறியாத தலைமுறைகள் வளர்ந்துவிட்டிருந்தன. ஊதாவின் இடத்தைக் கான்கார்ட் திராட்சை பிடித்துக்கொண்டது. அந்த வகையில் மிகுந்திருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட்தான் அமெரிக்காவின் திராட்சை மிட்டாய்களுக்கு மணம். மற்ற திராட்சைகளைத் தின்று வளர்ந்தவர்கள், இதில் திராட்சையே இல்லையே என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். பறவைகளுக்கு இந்தப் பொருள் அறவே பிடிக்காது. தோட்டங்களிலிருந்து அவற்றை விரட்ட அதைத் தெளிக்கிறார்கள்.

நாக்கு மறந்த கதைகளைப் பெயர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. லத்தீனில் மருந்துபோல் பக்குவப்படுத்திச் சேர்த்ததைக் ‘கான்ஃபெக்டும்’ என்றார்கள். அதிலிருந்து வந்த இத்தாலியச் சொல் கான்ஃபெட்டோ, பன்மையில் கான்ஃபெட்டி. ஒரு விதையையோ பருப்பையோ நடுவில் வைத்து, சர்க்கரைப் பாகை அடுக்கடுக்காகப் பூசிய உருண்டை அது. நடுவில் பெரும்பாலும் கொத்தமல்லி விதை இருந்தது. செரிமானத்துக்கு நல்லது என்று விருந்து முடிந்து வாயில் போட்டுக்கொள்வார்கள். திருவிழா நாள்களில் ஊர்வலத்தில் ஒருவர்மேல் ஒருவர் எறிந்தும் விளையாடினார்கள். பிறகு சர்க்கரைக்குப் பதில் சுண்ணச் சாந்து உருண்டைகளை எறிந்தார்கள், அதற்கும் பிறகு வண்ணக் காகிதத் துணுக்குகளை. ஆங்கிலம் அந்தக் காகிதத்துக்குக் கான்ஃபெட்டி என்ற பெயரை எடுத்துக்கொண்டது. இத்தாலியிலோ கான்ஃபெட்டி என்றால் இன்றும் திருமணங்களில் தரும் சர்க்கரை பூசிய பாதாம்தான். காகிதத் துணுக்குக்கு அங்கே பெயர் ‘கொரியாந்தொலி’, கொத்தமல்லிகள். காற்றில் பறக்கும் காகிதத்தில் கொத்தமல்லியின் மணம் துளியும் இல்லை. ஆனாலும் மொழி அந்த விதையைக் கைவிடவில்லை.

ரஷ்யர்கள் அந்தச் சொல்லைக் கன்ஃபேத்தா என்று எல்லா மிட்டாய்க்கும் வைத்துக்கொண்டார்கள். போர்த்துக்கீசியர் ‘கான்ஃபெய்ட்டோ’ என்று கப்பலில் ஏற்றினார்கள். 1569இல் லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற பாதிரியார் அதை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, ஜப்பானின் படைத்தலைவர் ஓதா நொபுநாகாவுக்குப் பரிசளித்தார். ஜப்பானியர் அதைக் கொன்பெய்த்தோ என்று தம் மொழியாக்கியதோடு, செய்யவும் கற்றார்கள். சாய்வாகச் சுழலும் பெரிய சூடான கொப்பரையில் சின்னஞ்சிறு பரல்கள் உருள்கின்றன. செய்பவர் பாகைக் கரண்டியால் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுகிறார், உலரவிடுகிறார், மறுபடி ஊற்றுகிறார். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் இது நடக்கிறது. அச்சு எதுவும் இல்லை. உருண்டு உருண்டே பரலின் மேல் கொம்புகள் முளைத்து அது நட்சத்திரமாகிறது. கொம்புகள் ஏன் முளைக்கின்றன என்று இயற்பியலாளர் தெரதா தொராஹிகோ வியந்து எழுதியிருக்கிறார்.

சர்க்கரையின் சொந்தப் பெயர்கள் இந்தியாவில் கிளம்பின. சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் பருக்கைக் கல், கண்ட என்றால் உடைந்த துண்டு. அர்த்தசாஸ்திரத்தின் கரும்புச் சரக்குப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. முதலாவது பாரசீகம், அரபி வழியாகப் போய் சுக்கர், சூக்ர், சுகர் ஆயிற்று. இரண்டாவது பாரசீகத்தில் கந்த், பிரெஞ்சில் கான்தி, ஆங்கிலத்தில் கேண்டி. கற்கண்டின் கண்டும் கேண்டியும் ஒரே குடும்பம். அந்தக் கேண்டியை எல்லா ஆங்கிலக்காரரும் ஏற்கவும் இல்லை. பிரிட்டனில் ஸ்வீட்ஸ் என்றும் ஆஸ்திரேலியாவில் லாலீஸ் என்றும்தான் கேட்க வேண்டும். மிட்டாய் என்ற நம் சொல்லும் பயணத்தில் மாறியதே. இந்தியில் மிட்டாயீ என்றால் பாலும் நெய்யும் சேர்ந்த இனிப்புப் பண்டங்கள். தமிழுக்கு வந்தபோது அது சிறுத்துக் கெட்டிப்பட்டு, வாயில் அடக்கிக்கொள்ளும் துண்டாகிவிட்டது. மலாயில் சர்க்கரையை இரண்டு முறை சொன்னால் மிட்டாய்: குலா குலா. கொரிய மொழியில் சாத்தாங் மிட்டாய், சொல்தாங் சர்க்கரை, வேர் ஒன்றுதான்.

எனக்கு மிகப் பிடித்தவை குழந்தையின் வாயிலிருந்து வந்த பெயர்கள். பிரெஞ்சின் போன்போன், ‘நல்லது நல்லது’. வேல்ஸ் மொழியின் வடக்கு வழக்கில் தா-தா. அதற்கும் ‘நல்லது நல்லது’ என்றே பொருள். டேனிஷ் மொழியில் ஸ்லிக், நக்கு என்ற வினையிலிருந்து வந்தது. பிரேசிலில் பாலா என்றால் மிட்டாய், துப்பாக்கிக் குண்டும் அதுவே. போர்த்துகலில் அதையே ரெபுசாடு என்பார்கள், போர்த்தி மூடியது. மிட்டாயைவிட அதன் காகிதத்தைப் பார்த்து வைத்த பெயர். டச்சு மொழியில் ஸ்னூப். ஒளித்து வைத்துத் திருட்டுத்தனமாகத் தின்பதைக் குறித்த வினை அது. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலம் அதை வாங்கி, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்து வேவு பார்ப்பதற்குப் பெயராக்கியது. அலமாரியின் மேல்தட்டை எட்டிப் பிடிக்கும் ஒரு சிறுவன் அந்தச் சொல்லுக்குள் இன்னும் நிற்கிறான்.

மணம் எதுவும் சேராத மிட்டாய்க்கு என்ன பெயர் வைப்பது? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1897இல் ஒரு பல் மருத்துவரும் ஒரு மிட்டாய்க்காரரும் சேர்ந்து, சர்க்கரையை உருக்கிச் சுழற்றி நூலாக வீசும் இயந்திரத்தைச் செய்தார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பெட்டி 25 சென்ட் என்று 68,655 பெட்டிகள் விற்றன. வெறும் சர்க்கரை என்பதால் நாக்குக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெயரைக் கண்ணே வைத்தது. தமிழ், சீனம், துருக்கியம், ஸ்பானியம் எல்லாம் பஞ்சைப் பார்த்தன. பிரெஞ்சுக்காரர் அப்பாவின் தாடியைப் பார்த்தார்கள். இந்தியும் கிரேக்கமும் கிழவியின் கூந்தலைப் பார்த்தன, ஹீப்ரு பாட்டியின் கூந்தலை. ஒரு குடும்பமே அதில் கூடிவிட்டது.

இதற்கு நேர் எதிராக, ஒரே ஒரு சுவை மொத்த மிட்டாய்க்கும் பெயராக நின்றுவிட்ட மொழியும் உண்டு. டச்சுக்காரர் இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோன புதினா மிட்டாய் பெப்பர்முன்ட். அந்தச் சொல் இந்தோனேசிய வாயில் தேய்ந்து ‘பெர்மென்’ ஆகி, எல்லா மிட்டாய்க்கும் பொதுப்பெயராகிவிட்டது. இஞ்சி மிட்டாய் பெர்மென் ஜாஹே, புளி மிட்டாய் பெர்மென் ஆசெம், காப்பி மிட்டாய் பெர்மென் கோப்பி. சூயிங்கம் பெர்மென் காரெட், ரப்பர் மிட்டாய். டூரியான் மிட்டாயும் பெர்மென்தான். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது டூரியான் சுவையுள்ள புதினா. இப்படி எல்லாச் சுவைக்கும் இடம் கொடுத்ததில், பெர்மென் என்று கேட்டால் புதினா யார் நினைவுக்கும் வருவதில்லை. புதினா மிட்டாய்தான் வேண்டுமென்றால், ஆங்கிலத்திலிருந்து இன்னொரு சொல்லைக் கடன் வாங்கி, பெர்மென் மின்ட் என்று கேட்டு வாங்குகிறார்கள்.